நான் காபித் தோல் காய்ச்சிய கதை

பிறரைச் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தங்களையும் யாராவது சந்தேகப்படக்கூடும் என்ற நினைப்பே அவர்களுக்கு வராது. ஊரில் இருப்பவர்கள் எல்லாம் திருடர்கள், தான் ஒருத்திதான் யோக்கியம் என்று நிம்மதியாகக் காலத்தை ஓட்டலாம். நானும் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தவள்தான். ஏற்காட்டு மலையில், நாகலூரில் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த நிம்மதி மொத்தமாகப் போயிற்று.

சந்தேகம் எங்கள் குடும்ப வியாதி. என் அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பழக்கூடைக்கு அடியில் கல் கிடக்கிறதா, வேலைக்கு வந்தேன் என்கிறவர் உண்மையிலேயே வந்தாரா என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். அது போதாதென்று எங்கள் பங்குக் கோயிலில் மதுவிலக்குச் சபைக்கும் அவர்தான் செயலாளர். கிறிஸ்துமஸ் கேக்கை அவர் மோந்து பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் தொடலாம். ஒரு வருஷம் ரோசம்மா அத்தை ஊறப்போட்ட திராட்சையின் மேல் சந்தேகம் வந்து, முழுக் கேக்கையும் மாட்டுக்குப் போட்டுவிட்டார். (மாடு அன்றைக்கும் வழக்கம்போல ஒழுங்காகத்தான் வீடு வந்து சேர்ந்தது என்று அத்தை இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்.)

அவருக்குப் பிறந்தவள் நான். ஹாஸ்டலில் என் சோப்பின் மேல் நகத்தால் ஒரு கோடு கிழித்து வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். திரும்பி வரும்போது கோடு மங்கியிருந்தால் அன்றைக்கு அறைத்தோழியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

அப்போது நான் வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். பிளாஸ்டிக் முதலான பல பொருள்களுக்கு மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. அதற்குப் பதிலாகச் செடியில் இருக்கும் சர்க்கரையை எடுத்து, அதையே அந்த மாதிரி ஒரு மூலப்பொருளாக மாற்றலாம். ஆனால் சர்க்கரை லேசில் மசியாது. வெறும் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் பாதி வழியில் கருகி, தார் மாதிரி பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒழுங்காக மாற வேண்டுமானால் நல்ல கரைப்பான் ஒன்று வேண்டும். வழக்கமான கரைப்பான்களோ பெட்ரோலியத்திலிருந்தே வருகிறவை. பெட்ரோலியத்தை ஒழிக்கக் கிளம்பிவிட்டு அதன் வாசலிலேயே போய் நின்றால் எப்படி? அதனால் எங்கள் புரொபசர், செடிக் கழிவிலிருந்தே ஒரு கரைப்பானைத் தயாரித்து வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அதைப் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், லேசாகப் பச்சிலை வாசம் அடிக்கும். அவ்வளவுதான் பாடம்.

சர்க்கரைக்கு நான் பிடித்தது காபித் தோல். பழத்தைப் பல்ப்பர் இயந்திரத்தில் போட்டுக் கொட்டையைப் பிரித்த பிறகு சிவப்புத் தோல் மலை மாதிரி குவியும். அதில் நல்ல தித்திப்பு இருக்கிறது. ஆனால் மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் புளித்துச் சர்க்கரையெல்லாம் காணாமல் போய்விடும். பறித்த அன்றே, பறித்த இடத்திலேயே வேலையைப் பார்க்க வேண்டும். எனவே புரொபசரிடமிருந்து கரைப்பான் கேனையும், திருகு மூடி போட்ட ஒரு சின்ன இரும்புக் கலனையும், கண்ணாடிச் சாமான்களையும் வாங்கிக்கொண்டு, நாகலூரில் ரோசம்மா அத்தை வீட்டுக்குப் பின்னால் இருந்த மிளகு கோடவுனில் குடியேறினேன். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. தனியாக இருந்தார். பேச ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டார். (நான் பேசவில்லை, அது வேறு விஷயம்.)

கிளம்பும்போது புரொபசர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பண உதவி செய்யும் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் பொங்கல் கழிந்த சனிக்கிழமை மலைக்கே வந்து பார்ப்பார்கள். அவர்கள் கண்முன் ஒரு புட்டி சுத்தமான பொருளை வைக்க வேண்டும். வைத்தால் ஆராய்ச்சி தொடரும், இல்லையென்றால் அதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. ஏனென்றால் அப்பா ஏற்கெனவே தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: "இது நின்னு போச்சுன்னா டீச்சர் வேலைக்குப் போயிரோணும் கண்ணு. அப்பறம் பேச்சே கெடையாது."

இரண்டாவதாகப் புரொபசர் சொன்னதுதான் வினையாயிற்று. "ஸ்டெல்லா, வெளியே யாரிடமும் விவரம் சொல்லாதே. இதே வேலையில் ஒரு கம்பெனியும் இறங்கியிருப்பதாகக் கேள்வி."

யாரிடம் போய் என்ன சொல்லியிருக்கிறார் பாருங்கள்!

அடிவாரத்து செக்போஸ்ட்டிலேயே ஆரம்பித்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய காவலர் கேனைத் தட்டி, "என்னம்மா இது?" என்று கேட்டார். "தேங்காய் எண்ணெய்" என்றேன். "தண்ணி மாதிரி இருக்குதே?" என்றார். "நல்ல எண்ணெய் அப்படித்தாங்க இருக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். முகத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டேன், கம்பெனி ஆளாக இருக்கலாம் என்று.

கோடவுன் ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டினேன். கதவுக்கு இரண்டு பூட்டு. தோல் புளிக்காமல் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நீல நிற டிரம்களைக் கோடவுனுக்குப் பின்னால் கழுத்து வரைக்கும் மண்ணில் புதைத்து, மேலே தழையைப் போட்டு மூடினேன். தோலைப் பிழிந்த சாற்றைக் காலையிலிருந்து மாலை வரை காய்ச்சிச் சுண்ட வைப்பேன். அதிலிருந்து எழும் ஆவி சுருள் சுருளான கண்ணாடிக் குழாய் வழியாக வந்து, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒரு பாட்டிலில் விழும். மிஞ்சும் பாகைக் கரைப்பானோடு சேர்த்து இரும்புக் கலனில் மூடிச் சூடாக்குவேன். தோல் சர்க்கரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காதர் பாய் கடையில் வெல்லம் வாங்குவேன். புதைத்த டிரம், சுருள் குழாய், வெல்லம், புகை, பூட்டிய கதவு. இப்போது எழுதும்போது எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது. அப்போது ஒரு துளிகூட உறைக்கவில்லை.

காதர் பாய்க்கு உறைத்தது.

"ஏம்மா, வாரா வாரம் இத்தனை வெல்லம் வாங்கறீங்களே, ஊட்ல எதாச்சும் விசேஷமுங்களா?"

"ஆமாங்க பாய். அத்தைக்குப் பிறந்தநாள்."

அடுத்த வாரம் போனேன். வெல்லத்தைத் தராசில் வைத்துக்கொண்டே, "அத்தைக்கு இன்னும் பொறந்தநாள் முடியலீங்களா?" என்றார்.

இவ்வளவு துருவுகிறாரே, இவருக்கும் கம்பெனியில் தொடர்பு இருக்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு வெல்லத்தை ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப் வரை பஸ்ஸில் போய் வாங்கி, துணிப்பைக்குள் துணியைச் சுற்றி மறைத்துக் கொண்டுவந்தேன். நாகலூர் ஸ்டாப்பில் இறங்கும்போது பாய் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார். நான் பையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்வேன்.

பிறகு வந்தார் மங்கி கேப். மலையில் மார்கழி தை மாதத்தில் பாதி ஜனம் மங்கி கேப்தான் போட்டிருக்கும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஆள் கையில் அரிவாளோடு காபிச் செடிக்குள் நின்றுகொண்டிருப்பார். புல் மட்டும் அறுக்க மாட்டார். மிளகுக் கொடி படர்ந்த சவுக்கு மரத்தின் பின்னாலிருந்து கோடவுன் பக்கம் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார். ஒருநாள் நேரே வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, காபித் தோலு குடுப்பீங்களா? எருவுக்கு வேணுமுங்க."

நான் மேலிருந்து கீழே பார்த்தேன். மங்கி கேப், பழைய ஸ்வெட்டர், அழுக்கு லுங்கி. அதற்குக் கீழே பாலிஷ் போட்டுப் பளபளவென்று மின்னும் பழுப்பு ஷூ. எரு வாங்க வந்தவன் காலில் இப்படி ஒரு ஷூவா? அடடா ஸ்டெல்லா, உன் மூளையே மூளை! கம்பெனிக்காரனேதான்.

"தோல் இல்லீங்க" என்றேன்.

"இல்லீங்க, எப்பவும் பொகை வருதே. உள்ள என்னமோ காய்ச்சறீங்க போல."

"குளிக்க வெந்நீர்."

"காலைல இருந்து பொழுது சாயற வரைக்குமுங்களா?"

"எங்க அத்தைக்கு நொம்ப அழுக்குங்க."

அத்தை அப்போது எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. (அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இருந்தது, குழம்பு இல்லை.)

விடக்கூடாது என்று நினைத்து மங்கி கேப்பை நெருங்கி, குரலைத் தாழ்த்தி ஒரு மிரட்டு மிரட்டினேன். "உங்களை யாரு அனுப்பிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பெரியவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட இருந்து ஒரு சொட்டுகூட அவரால எடுத்துட்டுப் போக முடியாது."

அந்த மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தெரிஞ்சேதான் செய்யறீங்களா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். "எல்லாம் தெரிஞ்சுதான்" என்று கதவைச் சாத்தினேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்பா வந்தார். அத்தை வீட்டில் காபி குடித்துவிட்டு நேராகக் கோடவுனுக்கு நடந்தார். நான் ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன். அப்பாவிடம் எதைச் சொன்னாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். கோயிலுக்குத் தெரிந்தால் ஏற்காட்டுக்கே தெரியும்.

"உள்ள வராதீங்கப்பா."

"ஏன் கண்ணு?"

"வேலை நடக்குதுங்கப்பா."

அவர் மூக்கு மெல்ல விரிந்தது. கேக்கை மோந்து பார்க்கும்போது விரியுமே, அதே மாதிரி. "என்ன சாமி காயுது உள்ள?"

"வெந்நீருங்கப்பா" என்றேன். ஒரு பொய்யை எத்தனை பேருக்குத்தான் மாற்றி மாற்றிச் சொல்வது?

அப்பா பின்பக்கம் போய்ப் புதைத்த டிரம்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தழையைக் காலால் லேசாக விலக்கினார். பிறகு சாப்பிடக்கூட இல்லாமல் பஸ் ஏறிவிட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு பூட்டை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

கமிட்டி வருகிற சனிக்கிழமையும் வந்தது. அதற்குள் எத்தனையோ முறை தாராகி, கருகி, மூடி திறக்காமல் அடம்பிடித்து, கடைசியில் தேன் நிறத்தில் ஒரு புட்டி நிறைய நல்ல பொருள் கிடைத்திருந்தது. அதை மேசை நடுவில் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். பக்கத்தில் கரைப்பான் கேன். பட்டுப் பாவாடை கட்டிய குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொரு மணிக்கு வருவதாகப் புரொபசர் போனில் சொல்லியிருந்தார். வெளியே பனி இன்னும் விலகவில்லை.

பத்து மணி வாக்கில் அத்தை முன்பக்கமிருந்து கத்தினார். "கண்ணு! அந்த மங்கி கேப்பு வருது! கூட இன்னும் ஆளுங்க வர்றாங்க!"

செய்தித்தாளில் ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தேன். மங்கி கேப் முன்னால். அவருக்குப் பின்னால் வாட்டசாட்டமாகச் சிலர். பாதை இருக்கும்போது பாதையில் வராமல் காபிச் செடிக்குள் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாமே பளிச்சென்று விளங்கிவிட்டது. இன்றைக்குக் கமிட்டி வருகிறது என்று கம்பெனிக்குத் துப்பு கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் பொருளைத் தூக்கிக்கொண்டு போக வருகிறார்கள்.

எடுத்துக்கொண்டு ஓடலாமா? சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒளித்து வைக்கலாமா? தேடினால் கிடைத்துவிடும். என் மூளை அன்றைக்கு ரொம்ப வேகமாக வேலை செய்தது. (வேகமாக வேலை செய்த மூளையால் நான் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை.) எதிரி கையில் சிக்காமல் இருக்க ஒரே வழிதான் தோன்றியது. மேசையிலிருந்த தேன் நிறப் புட்டியை எடுத்துச் சலதாரையில் கவிழ்த்தேன். அது போதாதென்று கரைப்பானையும் விட்டுவைக்கக் கூடாது, அதுதானே ரகசியம் என்று, புரொபசர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த அந்தக் கேனையும் கடகடவென்று ஊற்றினேன். (செடியிலிருந்து வந்ததுதான், மண்ணில் மக்கிவிடும். அந்த ஒரு ஆறுதல்தான்.)

கடைசிச் சொட்டு விழும்போது கதவு தட்டப்பட்டது. நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீராங்கனை மாதிரி திறந்தேன்.

"மதுவிலக்கு போலீஸ்மா" என்றார் முன்னால் நின்ற சப்-இன்ஸ்பெக்டர்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு நிம்மதி! "அப்பாடா, போலீஸா நீங்க! நான் கம்பெனிக்காரங்கன்னு பயந்துட்டேனுங்க!"

"கம்பெனிக்கு வேற சப்ளை பண்றியா?" என்றார் அவர்.

மங்கி கேப் உள்ளே எட்டிப் பார்த்து, "சார், ஊத்திட்டாங்க. நாம வர்றதப் பாத்துட்டு எல்லாத்தையும் ஊத்திட்டாங்க" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். போலீஸைப் பார்த்ததும் இருப்பதையெல்லாம் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாதா? கோடவுனுக்குள் ஒரு சுற்று வந்தார். வெல்ல மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். சுருள் குழாயின் முன்னால் நின்றார்.

"இது ஆவியைக் குளிர வைக்கிற குழாய் சார்" என்றேன்.

"தெரியும்மா. சர்வீஸ் பூரா இதைத்தான் புடிச்சிட்டிருக்கேன். கண்ணாடியில இப்பத்தான் பாக்கறேன்."

ஆனால் நியாயமான மனிதர். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கேனின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைக் கரண்டியில் வடித்துத் தீக்குச்சி கிழித்துக் காட்டினார். சாராயமாக இருந்தால் பற்றிக்கொண்டு நீலமாக எரியும். எங்கள் கரைப்பான் அவ்வளவு சுலபத்தில் பற்றாது. குச்சி அணைந்துவிட்டது. "பாத்தீங்களா!" என்று நான் துள்ளினேன்.

மங்கி கேப் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "தண்ணி நொம்பக் கலந்திருக்காங்க சார்."

குற்றத்துக்கு மேல் கலப்படமும் சேர்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. புரொபசர் இறங்கினார். அவருக்குப் பின்னால் கமிட்டியின் இரண்டு பேர்: ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர், சால்வை போர்த்திய ஒரு அம்மா. வாசல் முழுக்க போலீஸ். நடுவில் நான்.

"சார், கவலைப்படாதீங்க. யார் கையிலும் சிக்காம எல்லாத்தையும் ஊத்திட்டேன்" என்றேன்.

"எங்கே?"

"சலதாரையில சார்."

"கரைப்பான்?"

"அதையும்தான் சார்."

புரொபசர் மெதுவாக வெல்ல மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நடந்ததில் அவர் கலந்துகொள்ளவே இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு. நேரா ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. இங்க இருக்கிற எதுலயும் ஆல்கஹால் துளிகூட இல்லைன்னு சொல்ல முடியுமா?"

முடியும் என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த மனுஷியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஆராய்ச்சி மாணவியின் வாய் இருக்கிறதே! "துளிகூடன்னு சொல்ல முடியாதுங்க. டிரம்ல இருக்கிற தோல் கொஞ்சம் புளிச்சிருக்கும். புளிச்சா தானாவே சிறிதளவு உண்டாகத்தான் செய்யும்" என்றேன். வழுக்கைத் தலைப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பாதையில் வெள்ளைச் சட்டை ஒன்று வேக வேகமாக வருவதைப் பார்த்தேன். அப்பா! சபைக் கூட்டத்துக்குப் போகும்போது போடுகிற சட்டை, பையில் சபை பேட்ஜ். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மலையில் அப்பா சொன்னால் கேட்காத ஆள் கிடையாது. அவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். "அப்பா!" என்று ஓடினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார்.  "சார், எம் பொண்ணுன்னு பாக்காதீங்க. சட்டம் என்னமோ அதைச் செய்யுங்க. உங்களுக்கு போன் பண்ணினது நாந்தான்."

நான் வாழ்க்கையில் பால்காரரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். கண்டக்டரை, அறைத்தோழியை, காதர் பாயை, புரொபசரைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அப்பாவை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஒரே ஒரு ஆளை விட்டுவைத்தேன், அவர்தான் போட்டுக் கொடுத்தார். 

"எல்லாத்தையும் ஊத்திட்டாங்களே, லேபுக்கு அனுப்ப நல்லதா ஒரு சாம்பிள்கூட இல்லையா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். மங்கி கேப் தயங்கித் தயங்கி ஸ்வெட்டருக்குள் கையை விட்டு ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். "இருக்குதுங்க சார். முந்தாநாள் இவங்க குளிக்கப் போன நேரத்துல ஜன்னல் வழியா எடுத்தேனுங்க."

தேன் நிறம். என் பொருள்! கடைசி முறை வடித்ததில் ஒரு சின்னப் புட்டி குறைகிறதே என்று முந்தின நாள்தான் நான் அத்தையிடம் சண்டை போட்டிருந்தேன். "திருடன்! இவன் எடுப்பான்னு எனக்கு அப்பவே தெரியும்!" என்று பாய்ந்தேன். என் வாழ்நாள் சந்தேகங்களில் சரியாகப் போன ஒரே சந்தேகம் அது. பாராட்டத்தான் ஆளில்லை.

சால்வை போர்த்திய அம்மா இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "அதைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்ட முடியுமா?" என்று கேட்டார். "கேஸ் சாமான்ங்க, குடுக்க முடியாது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நீங்களே புடிச்சுக் காட்டுங்க." அவர் புட்டியைத் தூக்கிப் பிடித்தார். சால்வை அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இதை உங்க லேபுக்கு அனுப்பி, என்னென்ன இருக்குன்னு முழுசாப் பார்க்கச் சொல்லுங்க. ரிசல்ட் வந்ததும் எங்களுக்கும் ஒரு காப்பி வேணும். அதைப் பார்த்துட்டு முடிவு பண்றோம்." புரொபசரிடம் திரும்பிச் சொன்னார்: "நீங்க பண்ற டெஸ்டை நாங்க நம்பணும்னா இன்னொருத்தர் பண்ணிக் காட்டணும். போலீஸ் பண்ணினா இன்னும் நல்லது. அவங்களுக்கு நம்ம மேல துளிகூட நம்பிக்கை இல்ல."

என்னைக் கைது செய்யவில்லை. ரிசல்ட் வரும் வரைக்கும் மலையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி, டிரம்களுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது மங்கி கேப், "மன்னிச்சுக்கங்க அம்மிணி, டூட்டிங்க. செக்போஸ்ட்டுல சொன்னதுல இருந்தே நான் வேவு பாத்துட்டிருந்தேன், உங்கப்பா போன் பண்ணின பொறவுதான் ரெய்டுன்னு முடிவாச்சுங்க" என்றார். நான் அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போன பிறகு அத்தை வீட்டுச் சமையலறையில் நாங்கள் மூன்று பேர். அத்தை தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தார். "பெத்த புள்ளைய எவனாச்சும் போலீஸ்ல காட்டிக் குடுப்பானாடா? உனக்கெல்லாம் ஒரு சபை, அதுக்கு ஒரு பேட்ஜ்!" அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களேப்பா?"

"கேட்டேனே கண்ணு. வெந்நீருன்னு சொன்னே."

 நான் வெந்நீர் என்று சொன்னது உண்மைதானே. அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார். 

"உம்மேல நம்பிக்கை இல்லாம இல்ல சாமி. சின்னதுல இருந்து நீ எதை எடுத்தாலும் உருப்படியாத்தான் செய்வே. நீ காய்ச்சறதுன்னு எறங்கினா இந்த மலை பூராவும் குடிச்சு அழியற அளவுக்கு நல்லாக் காய்ச்சிருவேன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் நொம்பப் பயந்து போயிட்டேன்."

அத்தை திட்டுவதை நிறுத்திவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். என்னை யாரும் அதுவரை அவ்வளவு பெரிதாகப் பாராட்டியதில்லை. புரொபசர் பாராட்டியதே இல்லை. நான் அழுதேன், கூடவே சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை. அன்றைக்குக் குழம்பு இருந்தது.

சில வாரம் எங்கேயும் போகாமல் கிடந்தேன். ரிசல்ட் வந்தது. சாராயம் இல்லை. இன்ன பொருள், இவ்வளவு சுத்தம் என்று வந்திருந்தது. நாங்களே சோதித்திருந்தால்கூட அந்தச் சுத்தத்தை நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். கமிட்டி ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லிவிட்டது. புரொபசர் மறுபடி முதலிலிருந்து கரைப்பான் தயாரித்தார். அது முடியும் வரைக்கும் அவருடைய கண்ணாடிச் சாமான்கள் அத்தனையையும் நான்தான் கழுவினேன். காதர் பாய் கடைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தைக்குப் பொறந்தநாளே இல்லீங்களா அப்ப?" என்றார். அந்த ஒன்றில்தான் அவருக்கு வருத்தம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, டீக்கும் பிஸ்கட்டுக்கும்தான் வருவார்கள். நான் என் ஆராய்ச்சியை விளக்கி முடித்தேன். தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். "வந்திருப்பவர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று அவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். பின்வரிசையில் வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது.

"ஒரே ஒரு சந்தேகமுங்க. இதைக் குடிச்சாப் போதை ஏறுமா, ஏறாதா?"

ஹால் சிரித்தது. புரொபசர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. நான் மேடையிலிருந்து அவரையே பார்த்தேன்.

"இதுவரைக்கும் யாரும் குடிச்சுப் பாக்கலீங்கப்பா. அதனால எனக்குத் தெரியாதுங்க."

"சரியான பதில்" என்றார் தேர்வாளர். அப்பா உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த, முன்பின் தெரியாத மனிதரிடம் அவர் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது: "எப்பிடி? பொய் சொல்ல மாட்டா."

அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரிடமும், ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம், போன மாதம் என்னிடம் படிக்கும் மாணவிகள் வீட்டுக்கு வந்தபோது அவர்களிடம், அப்பா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்கிறார்.

"எம் பொண்ணுங்க. டாக்டர் பட்டம் வாங்கியிருக்குது. நாந்தான் போலீஸ்ல புடிச்சுக் குடுத்தேன்."